இருபது வயதின் எலும்பு

(எலும்பு ஆய்வுச் சங்க உறுப்பினர்களிடையே ஸ்ரீபெரும்புதூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவைச் சென்னையில் வைக்காமல் இங்கே வைத்துக்கொள்ளச் செயற்குழு ஒப்புக்கொண்டது. அதற்கு என் முதல் நன்றி. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று விரியும் இந்த வட்டாரத்தில்தான் என் மருத்துவ வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி எல்லாம் இங்கே உருவாகின்றன. இவற்றைச் செய்யும் கைகளுக்குள் இருக்கும் எலும்பு எப்படி இருக்கிறது என்று நாம் யாரும் ஒழுங்காக அளந்து பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நம்முடைய கூட்டங்களில் பேச்சு எப்போதும் அறுபது வயதைச் சுற்றியே வருகிறது. இடுப்பெலும்பு முறிவு, முதுகெலும்பு நசுங்கல், மாதவிடாய் நின்ற பிறகு வரும் தேய்மானம், புதிய ஊசி மருந்துகள். இவையெல்லாம் தேவையான பேச்சுதான். ஆனால் அறுபதில் முறியும் எலும்பின் கதை இருபதிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அந்த இருபது வயதில் இருக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே விடுதியில் தங்கி, ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிடும் இடம் இது.

முதலில் கொஞ்சம் பழைய செய்தி. இங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கிண்டியை எலும்பு ஆய்வில் இருப்பவர்கள் ஒரு திருத்தலமாகவே மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டன் அறிவியலர், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வேலையில் இறங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் கிடைத்த சுறாத் துடுப்புக் கொலாஜனில் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழவில்லை. பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணை வாங்கி வந்து எடுத்த படம்தான் வழிகாட்டியது. 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரைகள், மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொள்ளும் முப்புரிக் கயிறு போன்றது கொலாஜன் என்று காட்டின. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடத்துக்கு ஒருமுறை கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தாக வேண்டும். மற்றவை அந்த நெருக்கத்தில் அடங்காது.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் படிகம். மீதியில் பெரும்பகுதி இந்தக் கொலாஜன். படிகம் கடினத்தைத் தருகிறது, கொலாஜன் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் எலும்பு எலும்பாக இருக்காது. அந்த அடிப்படை உண்மையின் ஒரு பாதியை உலகத்துக்குச் சொன்ன இடம் கிண்டி. புரதச் சங்கிலிகள் எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று 1963இல் ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வரைந்த வரைபடமும் அந்தக் கொலாஜன் வேலையிலிருந்து கிளைத்ததுதான்.

கிண்டியின் இன்னொரு பங்கு பலருக்குத் தெரியாது. கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட், மெக்ராபர்ட் முதலிய மருத்துவர்களோடு சேர்ந்து 1937இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், முதுகு விறைத்துக் குனிய முடியாமல் போன கிராமத்து மக்களின் நோய்க்குக் காரணம் குடிநீரில் இருந்த ஃபுளோரைடு என்று அது நிறுவியது. இந்தியாவில் எலும்பு ஃபுளோரோசிஸ் பற்றிய முதன்மையான ஆவணம் அதுதான். இந்தச் செய்தி நமக்கு இன்றும் வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல என்பதை இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரைக்கும் செல்கள் ஒரு பக்கம் கரைத்துக்கொண்டும் கட்டும் செல்கள் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருக்கின்றன. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் கட்டுவது அதிகம். பதினெட்டு, இருபது வயதுக்குள் எலும்பின் உச்ச அடர்த்தியில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் சேர்ந்துவிடுகிறது. மீதிப் பத்து சதவீதம் முப்பது வயதுக்குள் மெல்ல மெல்லச் சேர்கிறது. அப்புறம் சேர்ப்பு இல்லை, காப்பாற்றிக்கொள்வதுதான்.

பத்து சதவீதம் தானே என்று தோன்றலாம். 2003இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டு ஆய்வு, உச்ச அடர்த்தி பத்து சதவீதம் கூடுதலாக இருந்தால் எலும்புத் தேய்மானம் வரும் காலம் 13 ஆண்டுகள் தள்ளிப்போகும் என்று மதிப்பிட்டது. ஐம்பத்தைந்து வயதில் வர இருந்த தேய்மானம் அறுபத்தெட்டுக்குப் போகிறது என்றால், ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து முடித்துவிடுவாள். அந்தப் பத்து சதவீதம் சேர வேண்டிய வயதில்தான் இந்தப் பெண்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள்.

அவர்களுடைய நாளைக் கொஞ்சம் பாருங்கள். காலை ஆறு மணி ஷிப்டு என்றால் விடியுமுன் விடுதி வாசலில் கம்பெனி பஸ் நிற்கும். மதியம் இரண்டு மணி வரை உள்ளே. மதிய ஷிப்டு என்றால் உச்சி வெயிலில்தான் பஸ் ஏறுகிறாள், ஆனால் கண்ணாடி சன்னல் மூடியிருக்கும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பது நமக்குத் தெரியும். இரவு ஷிப்டு முடித்தவள் பகல் முழுவதும் திரை போட்ட அறையில் தூங்குகிறாள். உள்ளே மின்னணுப் பொருள் பூட்டும் பிரிவில் தலை முதல் கால் வரை மூடிய ஆடை, முகக்கவசம், கையுறை. தென்னிந்தியாவில் தோல் வைட்டமின் டி உண்டாக்குவதற்கு ஏற்ற நேரம் பகல் 11 மணி முதல் 2 மணி வரை. எந்த ஷிப்டாக இருந்தாலும் அந்த மூன்று மணி நேரம் அவளுக்குக் கிடைப்பதில்லை. 13 பாகை வட அட்சரேகையில், வெயில் வாட்டும் ஊரில், வெயில் படாமலே ஒரு தலைமுறை வேலை பார்க்கிறது.

காலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மற்ற எதற்கு நல்லதோ, வைட்டமின் டிக்கு அது உதவாது. அந்நேரத்தில் சூரியன் சாய்ந்திருப்பதால் வேண்டிய கதிர் வளிமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. வெள்ளைத்தோலைவிடக் கருந்தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். நம்முடைய மேடைகளில்கூட இதைத் தவறாகச் சொல்கிறார்கள், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபத்திரண்டு. இரண்டு தொடையிலும் வலி, முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தொட்டாலே நோகிறது என்றாள். ஏற்கெனவே பல இடங்களில் காட்டியிருந்தாள். நின்று வேலை பார்க்கிற களைப்பு என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பரிசோதனை மேசையிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து இறங்கினாள். நடக்கும்போது வாத்து நடை. கீழே உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். முடியவில்லை.

"கடைசியா எப்பம்மா மத்தியான வெயில்ல நின்னே?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நின்னிருப்பேன் சார்" என்றாள். அப்போது ஆவணி மாதம்.

ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் எகிறியிருந்தது, வைட்டமின் டி அடிமட்டத்தில். எலும்பு மென்மையாகும் நோய். இதற்கான மருந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். சில மாதத்தில் அவள் மாடிப்படி ஏறினாள். இந்த நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் இயந்திரம் தேவைப்படவில்லை. மேசையிலிருந்து இறங்குவதைப் பார்க்க ஒரு நிமிடம் தேவைப்பட்டது. அந்த ஒரு நிமிடம் நம் புறநோயாளிப் பிரிவுகளில் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு பெண்ணை வைத்து ஊரைக் கணக்கிட முடியாது. ஆனால் சுற்றுவட்டாரத்து ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2007இல் திருப்பதியிலிருந்து வந்த ஆய்வில் நகரத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேரிடம் வைட்டமின் டி குறைவாக இருந்தது. கிராமத்துப் பெண்களிடமும் குறை இருந்தது. சாப்பாட்டில் கால்சியம் குறைவு, தானியத்தில் உள்ள ஃபைட்டேட் அந்தக் கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். இவ்வூர் வழியே போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் சரிபாதிப் பேருக்கு எலும்புத் தேய்மானம் இருந்தது. திருப்பதி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் ஒரே வட்டாரம். வேலூரில் ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் கண்டதை இங்கே இருபதிலேயே தடுக்க முடியுமா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் ஆய்வுக் கேள்வி.

சாப்பாட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் பரிந்துரைத்தது. சோறு, சாம்பார், ரசம், பொரியல் என்று வெள்ளை அரிசியை நம்பிய விடுதிச் சாப்பாட்டில் அதில் பாதி தேறுவதே கஷ்டம். இந்த வட்டாரத்தில் சாப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாடே பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலருக்கு உடம்பு கெட்டபோது, ஐபோன் பூட்டும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு விடுதிகள் பற்றிய பேச்சு மாறியது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகையே அவ்வளவுதான். அங்கே ஒரு வேளை உணவுப் பட்டியலை மாற்றினால் அத்தனை பேருடைய எலும்புக்கும் போய்ச் சேரும். மருத்துவர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் மருந்துச் சீட்டு எழுதினாலும் அந்த எண்ணிக்கையைத் தொடுவது அரிது.

மாற்றம் பெரிதாகவும் தேவையில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தருமபுரிப் பெண்ணுக்குக் களி தெரியாததா? ஊரில் சாப்பிட்டதை இங்கே வந்துதான் விட்டாள். வாரத்தில் மூன்று நாள் ராகி, தினம் ஒரு கிண்ணம் தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, இடைவேளைத் தேநீரோடு பிஸ்கட்டுக்குப் பதில் எள்ளுருண்டை. இவ்வளவுதான். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் வைக்கச் சொன்னது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்.  உணவுக்கூடம் இருக்கிறது, அதில் என்ன பரிமாறுகிறார்கள் என்று கேட்க எலும்பு மருத்துவர்கள் யாரும் போகவில்லை. குறை நம் பக்கத்திலும் இருக்கிறது.

இப்போது ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இன்று இருபது வயதில் இருக்கும் பெண் அந்தத் திட்டத்துக்கு முன்பு பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்திருக்கலாம். ஃபுளோரைடு ஏறிய எலும்பு, எலும்படர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும். டி-ஸ்கோர் (T-score) என்ற அடர்த்தி மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த அடர்த்தியில் வலு இல்லை, நொறுங்கும். ஸ்கேன் எண்ணை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் ஷார்ட் 1937இல் எழுதியதை நாம் படிக்கவே இல்லை என்று பொருள். பிறந்த ஊர் எது, சிறுவயதில் என்ன தண்ணீர் என்று கேட்காத எலும்பு ஆய்வை இந்த வட்டாரத்தில் செய்யவே கூடாது.

முறிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஷிப்டு மாறும் நேரத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள். இரு சக்கர வண்டி, கம்பெனி பஸ், கண்டெய்னர் லாரி மூன்றும் ஒரே நேரத்தில் வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அது பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எலும்பு கூடும் மாதங்களில் சம்பளமில்லை, ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வேலையும் இல்லை. ஆகவே பலர் மாவுக்கட்டை விட்டுவிட்டுப் புத்தூர் கட்டு என்ற நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போகிறார்கள். அவர்களை நான் திட்டமாட்டேன். பத்தை வைத்துக் கட்டும் அந்த வைத்தியர்களை எதிரிகளாகப் பார்ப்பதால் பயனில்லை. இறுகக் கட்டினால் விரல் நுனி குளிர்ந்து நீலம் பாயும், மரத்துப்போகும், அப்போது உடனே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒரு விஷயத்தை அவர்களுக்கு நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தால் சில கைகள் மிஞ்சும். நம் சங்கம் இதை ஏன் செய்யக்கூடாது?

உறுப்பினர்களே, வரும் ஆண்டு நாட்காட்டியில் இரண்டு நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 4, இந்திய எலும்பியல் சங்கம் 2012 முதல் கடைப்பிடிக்கும் எலும்பு மூட்டு நாள். அக்டோபர் 20, உலக எலும்புத் தேய்மான நாள். வழக்கமாக இந்த நாள்களில் குதிகால் அல்ட்ராசவுண்டு முகாம் நடத்துகிறோம். குதிகாலை இயந்திரத்தில் வைத்து ஒரு எண்ணைச் சொல்லி, பயந்துபோனவரிடம் கால்சியம் மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்புகிறோம். அந்த எண்ணை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. இந்த முகாம்களை நிறுத்திவிட வேண்டும் என்பது என் தெளிவான கருத்து.

அதற்கு மாற்றாக ஆகஸ்ட் 4 அன்று இங்குள்ள ஆலை மருத்துவர்களையும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இஎஸ்ஐ) மருந்தக மருத்துவர்களையும் செவிலியர்களையும் அழைத்து ஒரு நாள் பயிற்சி நடத்துவோம். கை ஊன்றாமல் எழுந்திருக்கும் சோதனை, முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்திப் பார்த்தல், எப்போது ஆல்கலைன் பாஸ்படேஸ் கேட்க வேண்டும், 60,000 யூனிட் வைட்டமின் டியை எத்தனை வாரம் கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும். கண்மூடித்தனமாக எல்லாருக்கும் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவரிடம் மாதாமாதம் முக்கால் சதவீதம் இஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். பணம் கட்டிய பெண்ணுக்கு இந்தச் சோதனை உரிமைப்படி கிடைக்க வேண்டும்.

அக்டோபர் 20க்குள் ஆய்வுக்கான திட்ட வரைவு தயாராக வேண்டும். இரண்டு குழுக்கள். ஒன்று, இப்போது விடுதிகளில் இருக்கும் 18 முதல் 25 வயதுப் பெண்கள். சேரும்போது ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கொருமுறை அளவிட வேண்டும். இந்தியர்களின் உச்ச எலும்படர்த்தி பற்றி ஐசிஎம்ஆர் 2010இல் வெளியிட்ட பல மைய ஆய்வு ஒப்பிட உதவும். இரவு ஷிப்டையும் தனியாகப் பதிய வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவுப் பணி பார்த்த அமெரிக்கச் செவிலியர்களிடம் இடுப்பு, மணிக்கட்டு முறிவு அதிகம் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

இரண்டாவது குழுதான் என் மனத்தை அதிகம் வாட்டுவது. நோக்கியா ஆலை 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியது. பத்தொன்பது வயதில் அங்கே முதல் அணியில் சேர்ந்த பெண் இன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு. இந்தத் தொழில் வட்டாரம் வளர்த்தெடுத்த முதல் தலைமுறைப் பெண்கள் இன்னும் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரையும் காலத்துக்குள் நுழையப்போகிறார்கள். அவர்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலும் தெற்கே தங்கள் ஊர்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஆலை இல்லை, பதிவேடு யாரிடம் இருக்கிறதோ, ஆனால் பழைய தொழிற்சங்கத் தோழர்களிடம் கைபேசி எண்கள் இருக்கின்றன. அவர்களைத் தேடிப் பிடிக்க இன்னும் ஐந்து ஆண்டு காத்திருந்தால் நாம் எண்ணப்போவது முறிவுகளை மட்டும்தான்.

ஒரு நிபந்தனை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் ஆலையின் எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது. 'எலும்பு பலவீனம்' என்று ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டால் அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படாது. முடிவு அவள் கைக்கு, அவளுக்குப் புரியும் மொழியில் போக வேண்டும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். இந்த நிபந்தனைக்கு உட்படாத நிதியுதவி எங்கிருந்து வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பணிக்கு எலும்பு மருத்துவர்கள் மட்டும் போதாது. உயிர்வேதியியலர், உணவியலர், மகப்பேறு மருத்துவர், புள்ளியியலர், விடுதிக் காப்பாளர்கள், தொழிற்சங்கத்தார் எல்லாரும் வேண்டும். வாரத்தில் அரை நாளை மூன்று ஆண்டுகளுக்குத் தர முடிந்தவர்கள் இன்று வெளியே போகுமுன் வரவேற்பு மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். நோக்கியாவில் வேலை பார்த்த அக்கா, தங்கை, அண்டை வீட்டார் யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் அவர்கள் எண்ணையும் எழுதுங்கள். முதல் கூட்டத்தை இந்த மாதக் கடைசிக்குள் வைக்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.